அடி அடுக்கில் வந்த பதிமூன்று அத்தியாயங்கள்

கண்ணு,

புதன்கிழமை காலை நீ சென்னைக் கல்லூரிக்குப் பேருந்து ஏறுகிறாய். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான். வெளியூரில் யாராவது என்னை உன் அக்கா என்று நினைத்துப் பேசினால் நாம் இருவரும் திருத்தாமல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நிற்போம். அப்படிச் சிரித்துப் பழகியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது நடக்காத காரியம். அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ துணி மடித்துக்கொண்டே, "அந்தப் புஸ்தக அலமாரியக் காலி பண்ணிட்டீங்கன்னா, லீவுல வரப்ப என்ற துணிய வெச்சுக்குவேனுங்கம்மா" என்றாய். புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்டேன். "ஏதோ பண்ணுங்க" என்றாய். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேய்ந்த செருப்பைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய். நான்கு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாமலே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எனக்குக் கதை படித்துக் காட்டிய பிள்ளையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டு மாதமாக நான் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உன் பள்ளியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கே வாசிப்பு வாரம் கொண்டாடுகிறார்களாம். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தாயாக நான் வந்து, இந்த ஆண்டு புதிதாகப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு "வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது எப்படி" என்று பேச வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பாடப் புத்தகம் தவிர ஒரு துண்டுக் காகிதம் உன் பெட்டியில் இருந்தாலும் பிடுங்கிக்கொள்ளும் இடம் அது. தீபாவளி வாழ்த்து அட்டையைக்கூட வாயிலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளைக் கோழிப்பண்ணை என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் சலித்துவிட்டது. ஆனாலும் அந்த ஒப்பீடு கோழிப்பண்ணைக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் யாரும் கோழிகளைக் கூட்டி வைத்துப் பறக்கும் வாரம் கொண்டாடுவதில்லை.

நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுவாரம் தாளாளர் பெயரில் ஒரு பொட்டலம் வந்தது. பேச்சுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மூன்று புத்தகங்கள். மூன்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். கையில் கிடைத்ததை முடிக்காமல் வைக்கமாட்டேன் என்பது என் பெருமைகளில் ஒன்று. முதல் புத்தகம் வெற்றியாளர்களைப் பற்றியது. அவர்கள் காலை நான்கு மணிக்கு எழுகிறார்களாம். நம் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவரும் நான்கு மணிக்குத்தான் எழுகிறார். அவரைப் பற்றி அதில் ஓர் அத்தியாயமும் இல்லை. இரண்டாவது, மூளையை ஒரு பாத்திரமாகவும் படிப்பை அதில் ஊற்றும் திரவமாகவும் வரைந்து காட்டியது. பாத்திரத்துக்கு மூடி உண்டா என்று மட்டும் சொல்லவில்லை. மூன்றாவது பெற்றோர் கையேடு. "உங்கள் குழந்தை ஒரு விதை" என்று தொடங்கி நூற்றிருபது பக்கமும் விதை, நீர், வேலி என்றே ஓடியது. வெற்றிலைக் கொடிக்கால்காரன் வீட்டுக்கு விதைப் பாடம். வெற்றிலைக்கு யாரும் விதை போடுவதில்லை, தாய்க்கொடியை வெட்டித்தான் நடுகிறார்கள் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேண்டுமென்றே வேகமாகப் புரட்டினேன்.

வீட்டில் மற்றவர்களின் வாசிப்பையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சங்ககிரி அத்தை நம் குடும்பக் குழுவில் தினமும் காலையில் "படித்ததில் பிடித்தது" என்று ஒன்று அனுப்புகிறார். அவர் படித்ததில்லை என்பது நிச்சயம். பிடித்ததா என்பதும் சந்தேகம்தான், ஏனென்றால் அன்னையின் தியாகம் பற்றிய அதே செய்தியை மூன்று மாதத்தில் நான்கு முறை அனுப்பிவிட்டார். நான் பேசப்போகும் விஷயம் தெரிந்ததும், "நீதான் எந்நேரமும் புஸ்தகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பியே, அத மட்டும் அங்க சொல்லிப்போடாத" என்று தொலைபேசியில் புத்தி சொன்னார். உன் அப்பா படிப்பது இரண்டே விஷயம், செய்தித்தாளில் கர்நாடகத்தில் மழை எப்படி என்பதும் மேட்டூரில் நீர்மட்டம் எவ்வளவு என்பதும். இவர்கள் நடுவில் நான் ஒருத்தி. வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் படிப்பவள். பனி விழும் தேசங்களில் மகனிடம் பொய் சொன்ன தாய்மாருக்காக மொழிபெயர்ப்பு நாவல்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதவள். இருபது வருஷமாக இந்த வீட்டில் எல்லோரையும் ஒரு படி கீழே வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்து சொன்னதில்லை. உனக்கு மட்டும் தெரியும். நாம் இருவரும் ஒரே பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிசல் புத்தகம் உனக்கு நினைவிருக்கும். சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கினோம். அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியவர் யாரென்று தெரியாது. ஆற்றோடு போன தகப்பனைத் தேடி, அவனுடைய பரிசலிலேயே கீழ்நோக்கிப் போகும் ஒரு பெண்பிள்ளையின் கதை. இருபத்திரண்டு அத்தியாயம். நீ எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறை அது. ஏழு வயதில் உனக்கு நான் ஒரு கதை படித்துக் காட்டும்போது முடிவை முன்னாலேயே உளறிவிட்டேன். அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நமக்கு ஓர் ஒப்பந்தம்: எந்தக் கதையானாலும் முதலில் நீ படிப்பாய், பிறகுதான் நான். பரிசல் புத்தகத்தை நீ தொடங்குவதற்குள் விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. நம் பரமத்தி வேலூரில் இருந்த பள்ளியே போதும் என்று உன் அப்பா சொன்னார். எல்லோர் வீட்டுப் பிள்ளையும் போகிறதே, இவன் மட்டும் இங்கே எதற்கு என்று சொன்னவள் நான். அவ்வளவு படித்தவள் சொன்ன காரணம் இதுதான்.

புத்தகத்துக்குத் தையல் விட்டுப் போயிருந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் கையோடு கழன்று வரும். மாதம் ஒருமுறை, இரண்டாவது ஞாயிறு, பெற்றோர் பார்க்க வரும் நாள். நீ போட்ட திட்டம்தான் அது, நான் செயல்படுத்தினேன். டிபன் கேரியரின் அடி அடுக்கில் ஓர் அத்தியாயத்தை மடித்து வைத்து, மேலே வாழையிலை போட்டு, இலையின் மேல் எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம் அடுக்குவேன். வாயிலில் சோதிப்பவர் மேல் இரண்டு அடுக்கைத் திறந்து சோற்றையும் குழம்பையும் பார்ப்பார். அடி அடுக்கின் மூடியைத் தூக்கிக் கச்சாயத்தைப் பார்த்துவிட்டு, "எங்கூட்லயும் செய்யறாங்க, இந்தப் பதம் வரமாட்டேங்குதுங்க" என்பார். ஒன்று எடுத்துக் கொடுப்பேன். அவர் கை இலைக்குக் கீழே போனதே இல்லை. அடுத்த மாதம், நீ வைத்துக்கொண்ட காலிக் கேரியரில் அந்த அத்தியாயம் எனக்குத் திரும்பி வரும், எண்ணெய்க் கறையோடு. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ விரல் வைத்த இடத்தில் விரல் வைத்துப் படித்துக்கொண்டு பரமத்தி வேலூர் வந்து சேர்வேன். உனக்கு ஒரு மாதம் பின்னால் நானும் அந்த ஆற்றில் போய்க்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் நானே கெடுத்தேன்.

பத்தாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்து நீ நான்காம் இடத்திலிருந்து பத்தொன்பதுக்குப் போனாய். வகுப்பாசிரியர் தொலைபேசியில், "பையன் கவனம் எங்கியோ இருக்குதுங்க. கதைப் புஸ்தகம் ஏதாச்சும் படிக்கறானுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினார். நான்தான் நம்பவில்லை. காரணம் அந்தப் பக்கங்கள்தான் என்று எனக்குள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். உனக்குக் கண் பார்வை மங்கியிருந்ததும், கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டோம். ஆனால் அதற்குள் அந்த ஞாயிறு வந்து போய்விட்டது.

அன்று கேரியரில் பக்கம் எதுவும் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பதிமூன்றாம் அத்தியாயத்தைக் காலி அடுக்கில் போட்டுவிட்டு, வழக்கம்போல நீ புது அடுக்கில் இலையைத் தூக்கினாய். கீழே தகரம். என்னைப் பார்த்தாய்.

"இல்லீங்களாம்மா?"

"கதை முடிஞ்சு போச்சு சாமி."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். அதோட முடியுது."

"அப்ப அந்தப் புள்ள?"

"அதான் படிச்சியே."

நீ ஒரு கச்சாயத்தை எடுத்துப் பிட்டு, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். சுற்றிலும் நாற்பது ஐம்பது குடும்பங்கள், எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாயையும் நான் அன்று தாழ்வாக நினைக்கவில்லை, அதற்கு நேரமில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

பேருந்தில்தான் பதிமூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன். ஒப்பந்தப்படி அதுவரை நான் அதைப் படித்திருக்கவில்லை. கதை எந்த இடத்தில் நிற்கிறது என்றுகூடத் தெரியாமல்தான் அதோடு முடிகிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் பரிசல் சுழியில் சிக்கிக் கவிழ்கிறது. அந்தப் பிள்ளையின் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. பிறகு கையும் தெரியவில்லை. அத்தியாயம் அங்கே முடிகிறது. வண்டி பரமத்தியைத் தாண்டுவதற்குள் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளையை வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் வைத்து, அவனுக்குத் துணையாக இருந்த ஒரே ஆளையும் தண்ணீரில் அமுக்கிவிட்டு வந்திருக்கிறேன். மறுமாதம் திருத்தியிருக்கலாம். அரையாண்டில் நீ இரண்டாம் இடம் வந்தாய். நான் மகிழ்ந்தேன், கண்ணு. பக்கத்து வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்தேன். மீதி ஒன்பது அத்தியாயத்தையும் திரும்பி வந்த பதிமூன்றையும் ஒன்றாகக் கட்டிப் பீரோவின் மேலே போட்டேன். அதற்குப் பிறகு நீ எந்தக் கதையையும் கேட்கவில்லை. நானும் அதைப் பையன் வளர்ந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி பேச்சுக்கு வருகிறேன். எழுதினேன், நன்றாகவே எழுதினேன். குழந்தைக்கு மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள், வீட்டில் அலமாரி வையுங்கள் என்றெல்லாம். அந்த மூன்று புத்தகங்களையும் கேலி செய்த நான், நான்காவதாக ஒன்றை எழுதி வைத்திருந்தேன். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகலில், உன் அப்பா வெற்றிலைக் கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். கேட்க வேறு ஆள் இல்லாததால் அவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்போடுதான் படித்தேன். முடித்ததும் நாரைக் கீழே வைக்காமல் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குது. அந்தப் பரிசல் புள்ளையப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ பத்தாம் வகுப்பு முடித்து வந்த கோடையில் இருவரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனீர்களாம். பாலத்துத் தூண் ஓரம் சுழிக்கும் இடத்தை நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாயாம். பிறகு, அதில் சிக்கினால் பிழைக்க முடியுமா என்று கேட்டாயாம். அவர் உனக்கு என்ன சொன்னார் என்பதை அவர் வாயாலேயே எழுதுகிறேன், நான் என் மொழியில் மாற்றினால் கெட்டுவிடும்.

"பதறிக் கையக் கால ஒதறுனாத்தான் இழுக்கும். மூச்ச அடக்கிட்டு அடிக்கே போயிட்டா, கீழ வேகம் கம்மி, பக்கமா நீந்தி வெளிய வந்தரலாம்னேன். எதுக்குடா கேக்கறேன்னா, ஒரு கதைங்கறான். அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியுமான்னேன். பரிசல்காரன் மகளுங்கப்பான்னான். அப்பறம் என்ன, பொழச்சிருக்கும் போன்னேன். அதுக்கப்பறந்தான் தண்ணிக்குள்ளயே எறங்குனான்."

நாரை நீவிக்கொண்டே, "ஏம்புள்ள, அதுல அப்படித்தான வருது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"நீ படிக்காத புஸ்தகமா?" என்றார். கிண்டல்தான். அவருக்கு நான் சொன்ன பொய்யைப் பற்றி எதுவும் தெரியாது.

ஏழு மாதம் நீ அதைச் சுமந்திருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை, ஏனென்றால் நான் கதையையே முடித்துவிட்டேன். கதையே படிக்காத ஒரு மனிதரிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அவர் குளிக்க வந்த இடத்தில், தனக்குத் தெரிந்த தண்ணீரை வைத்து அவளைக் கரையேற்றியிருக்கிறார். மழையும் நீர்மட்டமும் தவிர வேறு எதுவும் படிக்காதவர் என்று நான் இருபது வருஷமாகக் கீழே வைத்துப் பார்த்தவர். அன்று அந்தப் பேச்சைக் கிழித்தேன். மேடையேறி உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்காதே. காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டேன். என் தைரியம் அந்த அளவுதான். நான் வராததால் தாளாளரே வாசிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம், கையில் தாளில்லாமல். எந்தத் தாளையும் அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தாய் என்கிற பழக்கத்தில் இரண்டு வார்த்தை. சென்னையில் முதல் வாரமே யாராவது ஒருவர் உன் கையில் வெற்றியாளர்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைத் திணிப்பார். வாங்கி மேசைக்காலுக்கு முட்டுக் கொடு. நிறையப் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களையும் நிறையப் பார்ப்பாய். அவர்கள் வீட்டில் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு மதி. என்னையும் அப்படியே செய். கதை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அது உன்னைப் பெற்றவளாகவே இருந்தாலும், புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்.

இதை உனக்கு மட்டும்தான் எழுதத் தொடங்கினேன். நடுவில் அந்த வேப்பமரத்தடி நினைவுக்கு வந்தது. இந்த மாதமும் இரண்டாவது ஞாயிறு அங்கே தாய்மார் கேரியரோடு வரிசையில் நின்றிருப்பார்கள். அச்சில் வந்தால் அவர்களும் படிக்கட்டும் என்று தோன்றியது. பெயர் மட்டும் போடவில்லை. நம் பெயர் அவர்களுக்கு எதற்கு?

அலமாரியைக் காலி செய்துவிட்டேன், உன் துணிக்கு இடம் தயார். புத்தகங்களை என் அறைக்கு எடுத்துக்கொண்டேன். பீரோ மேலிருந்த கட்டை மட்டும் அவிழ்த்தேன். பதிமூன்று அத்தியாயம் எண்ணெய்க் கறையோடு, ஒன்பது கறையில்லாமல். அந்த ஒன்பதையும் உன் பெட்டியில் வைக்கவில்லை. உன் பெட்டியில் இனி யாரும் எதையும் வைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். கேரியரிலும் வைக்கவில்லை. கூடத்து மேசைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். பதினான்காம் அத்தியாயத்தின் முதல் வரிகூட நான் பார்க்கவில்லை, ஒப்பந்தப்படி முதலில் நீ. வேண்டாமென்றால் அங்கேயே விட்டுவிட்டுப் போ, நான் கேட்கமாட்டேன். எடுத்துக்கொண்டு போனால், படித்து முடித்ததும் ஒவ்வொன்றாக எனக்குத் திருப்பி அனுப்பு. உன் அப்பா இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் கரையேறினாளா என்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.